கடல் தாண்டாத ஊனச் சம்பளம்

புகையில் வாட்டிய ரப்பர் ஷீட்டின் வாடை. சிங்கப்பூருக்குப் போகும் லாரி என் வீட்டுத் திருப்பத்தில் வேகத்தைக் குறைக்கும்போது, கருகலும் புளிப்பும் கலந்த அந்த வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. உடனே என் வலது கை விரல்கள் அரிக்கின்றன. எனக்கு வலது கை கிடையாது. முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. இல்லாத விரல்கள் அரிக்க, எதைச் சொறிவது என்று தெரியாமல் வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடக்கிறேன். நடுவயது வந்தால் அடங்கிவிடும் என்றார்கள். வந்துவிட்டது. அரிப்பும் அடங்கவில்லை, ஆத்திரமும் அடங்கவில்லை.

மலாயாவில், லாபிஸ் ரயிலடியிலிருந்து மாட்டு வண்டியில் போக வேண்டிய ரப்பர் தோட்டம் எங்களுடையது. கூலிகளின் வரிசை வீடான லயத்தில் ஒரே அறையில் நானும் அண்ணியும். அண்ணன் மலைக்காய்ச்சலில் போன பிறகு அண்ணிக்கு நான், எனக்கு அண்ணி. அவள் காட்டில் மரம் சீவினாள். நான் ஸ்டோரில், உறைந்த பாலை இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு ஷீட்டாக எடுக்கும் வேலையில் இருந்தேன். ஒரு மழை நாளில் என் ரவிக்கைக் கை உருளைக்குள் போனது. அதன் பின்னால் நானும் கொஞ்சம் போனேன். அதைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடியும்.

அப்போதிருந்த பெரிய துரை, ஆயுள் முழுக்க மாதாமாதம் எனக்கு ஒரு சிறு தொகை கொடுக்கும்படி எழுதி வைத்துவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார். ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி அதைப் பென்சன் என்றார். லயத்தில் ஊனச் சம்பளம் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. சம்பள நாள் பெரட்டில் நான் நேரில் நிற்க வேண்டும். பெரட்டு என்றால் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. விடியலில் வேலைக்கு ஒரு பெரட்டு, மாதம் ஒரு தடவை சம்பளத்துக்கு ஒரு பெரட்டு. பேர் கூப்பிட்டதும் 'இருக்கேங்க' என்று குரல் கொடுத்து, மேஜைக்கு முன்னால் போய், துரை நீட்டுவதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதில் என்ன கஷ்டம் என்று நினைக்கலாம். எங்கள் ஆட்கள் துரையிடம் சம்பளம் வாங்கும்போது இரண்டு கையையும் குவித்து, கொஞ்சம் குனிந்து வாங்குவார்கள். ஒற்றைக் கையில் வாங்கினால் திமிர். இடது கையில் வாங்கினால் அதைவிட மோசம். முதல் மாதம் நான் இடது கையை நீட்டியபோது, கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த கிராணி தலையைத் தூக்காமலே அதட்டினார்.

"வலது கையால வாங்கும்மா. இது கூடவா சொல்லித் தரணும்?"

அப்புறம் தலையைத் தூக்கினார். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இடது கைமேல்தான் வந்தது. மிச்சமிருப்பது அது ஒன்று, அதுவும் மரியாதை இல்லாத கை.

அந்தக் கையைத்தான் பழக்கினேன். சிலேட்டில் எழுத்து வலமாகச் சாய்ந்தது, இடமாகச் சாய்ந்தது, பல மாதம் கழித்து நிமிர்ந்தது. நிமிர்ந்த பிறகு அதற்குச் சும்மா இருக்க முடியவில்லை. அண்ணி கொண்டு வரும் சாமான் சுற்றிய காகிதத்திலெல்லாம் எழுதினேன். காட்டைப் பற்றி எழுதினேன், பாலைப் பற்றி எழுதினேன், என்னை விட்டுப் போன கை இப்போது எந்த ஊரில் யார் தலையை வாருகிறது என்று எழுதினேன். லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன். நாகப்பட்டினத்துக்கு அப்பால் ஓர் ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் பெண்களுக்கு வாத்தியார் படிப்பு இருக்கிறது, இரண்டு வருஷம், சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் கட்ட வேண்டும் என்று லாபிஸ் சந்தையில் ஒரு வேதக்கார அம்மா சொன்னாள். சந்தையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் நான் வண்டியில் ஏறவே இல்லை. நடந்தேன். உட்கார்ந்தால் அந்தச் செய்தி கலைந்துவிடும்போல இருந்தது.

சாப்பாட்டுக்குக் கட்ட ஊனச் சம்பளம் இருக்கிறதே! மாதாமாதம் அதை அங்கே அனுப்பினால் போதும். இவ்வளவு சுலபமான கணக்கு என் வாழ்க்கையில் அதற்கு முன்பு வந்ததில்லை.

கிராணியிடம் சொன்னேன். அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.

"தா போலேம்மா, முடியாது. இங்க இருக்கிற வரைக்கும்தான் பென்சன். கடலைத் தாண்டினா பேரு எடுத்துருவாங்க."

"திரும்பி வந்தா?"

"எடுத்த பேர மறுபடி எழுத மாட்டாங்க. ஆயுசுக்கும் வர்ற காச யாராச்சும் வுடுவாங்களா? பேசாம இரு."

"நா இங்க இருந்தாலும் கை இல்ல, அங்க போனாலும் கை இல்ல. கப்பல் ஏறினா மொளைச்சிருமா ஐயா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன் வாயிக்கு நீ தொரைகிட்டயே கேளு. நான் கூட்டிட்டுப் போறேன்."

புதுத் துரை சண்டையிலிருந்து வந்தவர். வலது கால் மடங்காது. கைத்தடியை முதலில் ஊன்றி, காலை அதன் பின்னால் இழுத்துக்கொண்டு நடப்பார். தமிழ் நாலைந்து வார்த்தை. மலாய் கொஞ்சம் வரும். அந்தக் காலைப் பற்றிக் கிராணிக்கு ரொம்பப் பெருமை. "குண்டு வாங்கின காலு. அதுக்கு அவங்க சர்க்கார் எத்தனை கடல் தாண்டி இந்தக் காட்டுக்கு மாசாமாசம் பணம் அனுப்புது தெரியுமா? தபால நானேதான் ரயிலடியில வாங்கிட்டு வர்றேன்" என்று லயத்தில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். எனக்கும் சொல்லியிருக்கிறார்.

ஆபீசில் நான் நின்றேன். கிராணி இங்கிலீஷில் என் கதையைச் சொன்னார். துரை என் முகத்தைப் பார்க்கவில்லை, தொங்கிய ரவிக்கைக் கையைப் பார்த்தார். பிறகு பொறுமையாக, நல்ல பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருவதுபோல ஏதோ சொன்னார்.

"என்னங்கய்யா சொல்றாரு?"

"ஊனத்துக்காகத்தான் இந்தக் காசு. கப்பல் ஏறிப் போயிப் படிச்சு வாத்தியாராக முடியும்னா நீ ஊனம் இல்ல. ஊனம்னா உன்னால போயிப் படிக்க முடியாது. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லுங்கிறாரு."

தலைக்குள் சுர்ரென்று ஏறியது. "அப்பன்னா தொரைகிட்ட ஒண்ணு கேளுங்க. அவரு கால் நொண்டி. நொண்டின்னா எப்படிக் கடல் தாண்டி வந்தாரு, எப்படித் தோட்டம் நடத்துறாரு? அவரு காலுக்கு அங்கேருந்து இங்க காசு வருதே, என் கைக்கு இங்கேருந்து அங்க ஏன் போகக் கூடாது?"

கிராணியின் வாய் திறந்தது.  துரை புருவத்தைத் தூக்கி அவரைப் பார்த்தார். கிராணி என்னவோ இரண்டு வார்த்தை சொன்னார். துரை சிரித்துத் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்ன சொன்னீங்க?"

"ரொம்ப நன்றின்னு சொன்னேன்."

"ஐயா!"

"எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குதும்மா. நீ சொன்னத நான் சொல்ல மாட்டேன். எவனும் சொல்ல மாட்டான்."

என் கேள்வி அந்த ஆபீஸ் அறையில், இரண்டு பேருக்கும் நடுவே, கீழேயும் விழாமல் மேலேயும் போகாமல் நின்றுவிட்டது. அதன்பின் எத்தனையோ நாள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அது அங்கேயே நிற்பதாகத் தோன்றும். வருஷத்துக்கு ஒருதரம், காயத்துக்குக் கட்டுப் போடும் ஆஸ்பத்திரி டிரஸர் வந்து என் ரவிக்கைக் கையின் முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பார். ஊனம் அப்படியே இருக்கிறதா என்று கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமாம். அந்த வருஷம் அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, "மொளை ஏதும் வுட்டிருக்கா டிரஸரய்யா? தண்ணி கிண்ணி ஊத்தணுமா?" என்று கேட்டேன். அவர் முடிச்சைப் போட்டு அனுப்பினார்.

யோசனை அண்ணியுடையது. யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது. லயத்தில் அது பழக்கம். காய்ச்சலில் படுத்தவளுக்காகப் பக்கத்து வீட்டுக்காரி பெரட்டில் குரல் கொடுப்பாள். பிள்ளை பெற்றவளுக்காக அவள் ஓரகத்தி கொடுப்பாள். தலைக்கணக்கு சரியாக இருந்தால் கிராணி முகம் பார்க்க மாட்டார்.

"நீ போ புள்ள. ஒம் பேருக்கு நா நிக்கிறேன்" என்றாள் அண்ணி.

"கை?"

"மடக்கி மாராப்புக்குள்ள வெச்சுக்கிறேன். தொரை என்ன மூஞ்சியவா பாக்குறான்? தொங்குற கையத்தான பாக்குறான்?"

"ஒங்க பேரு கூப்புடுவாங்களே?"

"அதுக்குக் கோடி வீட்டுக்காரி. இப்படியே ஆளுக்கு ஆள் நின்னா தோட்டமே நிக்கும்."

கிராணியிடம் அண்ணியே போய்ப் பேசினாள். அவர் நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தாராம். பிறகு, "இப்பல்லாம் எனக்குக் கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்குதும்மா" என்றாராம். அவரால் முடிந்தது அது. ஆபீசில் சொல்லாமல் விட்டதற்கு அவர் என்னிடம் பட்ட கடனில், இந்தக் கண்ணாடியைத் துடைத்ததற்காகப் பாதியைக் கழித்துவிட்டேன்.

நான் கப்பல் ஏறுவதற்கு முன்பே ஒரு சம்பள நாளில் வெள்ளோட்டம் பார்ப்பது என்று முடிவானது. அந்த மாதம் முழுக்க அண்ணி வீட்டில் வலது கையைத் துணியால் கட்டிக்கொண்டு புழங்கினாள். இடது கையால் குழம்பு கிண்டி அடுப்பில் பாதியை ஊற்றினாள். கொண்டை போட முடியாமல் அழுதாள். "நீ எப்புடித்தான் சமாளிக்கிறியோ புள்ள" என்று ஒருநாள் கட்டை அவிழ்த்துவிட்டு என் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் செத்தபோதுகூட அவள் என்னை அப்படிப் பிடித்ததில்லை. லயத்துப் பெண்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. "ஏ ஒத்தக் கையி, நாத்தனா கப்பல் ஏறுறதுக்குள்ள நீ பட்டினி கெடந்து செத்துருவ போலருக்கே!" என்று வாசலில் நின்று கூவிவிட்டுப் போவார்கள். அண்ணி இடது கையால் கரண்டியை வீசுவாள். அது வேறெங்கோ போய் விழும்.

சம்பள நாள் வந்தது. நான் ஸ்டோருக்குள், என் கையைத் தின்ற அதே உருளைகளுக்குப் பக்கத்தில் மறைந்து நின்று பலகை இடுக்கில் பார்த்தேன். மேஜைக்குப் பின்னால் துரை, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிராணி. அண்ணி என் ரவிக்கையை, என் சேலையை, என் முக்காட்டை அணிந்து வரிசையில் இருந்தாள். ரவிக்கைக் கை சுருட்டி முடிந்து தொங்கியது. தூரத்திலிருந்து நானே என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. எவ்வளவு ஒடுங்கி நிற்கிறேன் நான்!

கிராணி என் பேரைக் கூப்பிட்டார்.

"இருக்கேங்க."

மேஜைக்குப் போனாள். துரை முகத்தைப் பார்க்கவில்லை. தொங்கும் கையைப் பார்த்தார், தலையசைத்தார், காசை எடுத்து நீட்டினார். நான் மூச்சை விட்டேன். நாகப்பட்டினம் தெரிந்தது. பள்ளிக்கூடம் தெரிந்தது.

அந்த நேரம் அண்ணி குனிந்தாள். பிறந்ததிலிருந்து குனிந்த உடம்பு. பெரியவர்கள் கொடுப்பதை இரண்டு கையும் ஏந்தி வாங்கிப் பழகிய உடம்பு. ஒரு மாதம் துணியால் கட்டிப் பழக்கியதெல்லாம் அந்தக் குனிதலில் அவிழ்ந்தது. மாராப்பு விலகியது. வலது கை வெளியே வந்து இடது கையோடு சேர்ந்து, அழகாக, பணிவாகக் குவிந்தது. துரையின் காசு அதில் விழுந்தது.

 அண்ணி தன் இரண்டு கைகளையும் பார்த்தாள், யாருடைய கைகளோ என்பதுபோல.

துரை தன் நாலைந்து தமிழ் வார்த்தைகளில் தேடினார். "கை... வந்தாச்சா?"

தோட்டமே சிரித்தது. ஆண்கள், பெண்கள், கங்காணி, கிராணிகூட வாயைப் பொத்திக்கொண்டு. துரையும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.  மரியாதை கொடுத்து மாட்டிக்கொண்டோம். அவமரியாதையாக ஒரு கையை நீட்டத் தெரிந்திருந்தால் அண்ணி தப்பித்திருப்பாள்.

ஸ்டோர்க் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. மேஜைக்குப் போய், அண்ணியின் கையிலிருந்த காசை எடுத்து மேஜைமேல் வைத்து, என் இடது கையை நீட்டினேன். கிராணியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பக்கத்துக் கிராமத்திலிருந்து கீரை விற்க வரும் மலாய்க்காரியிடம் பேரம் பேசிக் கற்ற மலாய் என்னிடம் இருந்தது. அது போதும்.

"துவான் காக்கி சாக்கிட். துவிட் டத்தாங் சினி. சாயா புன்யா தாங்கான், துவிட் தாக் போலே பெர்கி சானா?"

துரைக்குக் கால் நோவு, காசு இங்கே வருகிறது. என் கைக்கு, காசு அங்கே போகக்கூடாதா? ஆபீஸ் அறையில் நின்றுபோயிருந்த கேள்வி ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது. துரையின் முகம் காதுவரை சிவந்தது. அவர் கை தானாகப் போய் முழங்காலைத் தடவியது. முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"லாயின்" என்றார்.

வேற. அது வேற. அவ்வளவுதான். காசை என் இடது கையில் வைத்தார். யாரையும் திட்டவில்லை, யாருடைய சம்பளத்தையும் பிடிக்கவில்லை. இனிமேல் ஒவ்வொரு மாதமும் நானே வர வேண்டும் என்று கிராணி மூலம் சொல்லிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிடச் சொன்னார். அவர் கத்தியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். நல்ல மனுஷனாக இருந்து தொலைத்தார். எந்த வகையில் வேற? எலும்பு வேறயா? வலி வேறயா? இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாத்திரம் கழுவும்போது கேட்கிறேன், வாத்தியாராகத் திரும்பி வந்து பாடம் நடத்தும்போதும் பாதியில் நிறுத்திக் கேட்கிறேன். அந்த ஒற்றை வார்த்தைக்குப் பின்னால் ஒரு நியாயம் இருந்ததா, அல்லது அந்த வார்த்தையேதான் நியாயமா?

அன்று சாயங்காலம் அண்ணி அடுப்பு மூட்டவில்லை.

"எங் கைய வெட்டிப் போடணும்."

"வேணாம் அண்ணி. ரெண்டு பேருக்கும் சேர்த்து மூணு கைதான் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "தொரை நீட்டுறான்... ஒத்தக் கையால வாங்க மனசு வரல்ல. நெனைக்கிறதுக்குள்ள வந்துருச்சு புள்ள."

அதன்பின் சில மாதங்கள் நானே போய் நின்றேன். நானே குரல் கொடுத்தேன். காசு உள்ளங்கையில் விழும்போதெல்லாம் கணுக்காலில் ஒரு கயிறு இறுகுவதுபோல இருந்தது. ஆயுசுக்கும் வரும் காசு. அப்படியென்றால் ஆயுசுக்கும் இந்த மேஜை. காட்டில் மழை பெய்தால் எழுந்து நடந்தேன், வெயில் அடித்தால் எழுந்து நடந்தேன். அண்ணி நான் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கன்னியாஸ்திரிகளுக்கு எழுதினேன், காசு வராது, நான் மட்டும்தான் வருவேன் என்று. முதலில் வா, மற்றது பிறகு என்று பதில் வந்தது.

"கெடைக்கிறத வுட்டுட்டு கெடைக்காததுக்குப் போறியா?" என்று அண்ணி சண்டை போட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என் சேலைகளைத் துவைத்து மடித்து மூட்டை கட்டி வைத்திருந்தாள். சிங்கப்பூர்வரை ரயிலே போகும்படி ஜொகூர் கடலில் பாலம் போட்ட புதுசு அது. கப்பல் சிங்கப்பூரில்.

புறப்படும் முன் கிராணியிடம் சொல்லப் போனேன். என் பேரைக் கம்பெனி ஆபீஸ்தான் எடுக்க வேண்டும், அதுவரை சம்பள நாளில் கூப்பிட்டுக்கொண்டுதான் இருப்பார்கள் என்றார். "நல்லா யோசிச்சியாம்மா?" என்றார். யோசிக்கவில்லை என்றேன். யோசித்தால் போக மாட்டேன்.

லாபிஸ் ரயிலடியில் அண்ணி புளிச்சோற்றுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாக நீட்டினாள். நான் இடது கையை நீட்டுவதற்குள், என்ன நினைத்தாளோ, கையை உள்ளே விட்டு என் மடியிலேயே வைத்துவிட்டாள். வண்டி ஊதியது. ரயிலின் சாமான் பெட்டியிலிருந்து புகையில் வாட்டிய ஷீட்டின் வாடை வந்தது. அவள் ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

"அடுத்த சம்பளத்துக்கு ஒம் பேரு கூப்புடுவாங்களே புள்ள. நா என்ன சொல்லட்டும்?"

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணி. கொஞ்ச நேரம் கூப்புட்டுக்கிட்டே இருக்கட்டும்."